ஃபைனல் இயர் புராஜெக்ட்: பவுண்டரி மணல் கலந்த கான்கிரீட், நாங்களே செய்து முடிக்க முடியுமா?

கேள்வி: கோவை சிவில் மாணவி

எல்லோருக்கும் வணக்கம். கோவைப் பக்கம், அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் பி.இ. சிவில் கடைசி வருடம் படிக்கிறேன். ஏழாவது செமஸ்டர் தேர்வு முடிந்துவிட்டது. ஜனவரியில் புராஜெக்ட் தொடங்குகிறது. வாரத்துக்கு 20 மணி நேரம், 10 கிரெடிட். நான்கு பேர் ஒரு டீம்.

என் அப்பா குறிச்சி சிட்கோவில் ஒரு பவுண்டரியில் (உலோகத்தை உருக்கி வார்க்கும் ஆலை) மோல்டிங் வேலை பார்க்கிறார். பல தடவை வார்ப்புக்குப் பயன்படுத்தி இனி உதவாது என்று ஆன கருப்பு மணலை அங்கே குவித்து வைத்திருப்பார்கள். அதை எடுத்துப் போவதற்கு லாரிக்காரருக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கிறது. மறுபக்கம், வீடு கட்டுகிறவர்கள் எம் சாண்ட் விலையை நினைத்துக் கவலைப்படுகிறார்கள். அந்தக் கருப்பு மணலில் கொஞ்சத்தை எம் சாண்டுக்குப் பதிலாகக் கான்கிரீட்டில் போட்டால் என்ன ஆகும் என்று பார்க்க வேண்டும் என்பது எனக்கு இரண்டாம் வருடத்திலிருந்தே ஆசை.

டீமில் இரண்டு பேருக்கு இதில் நம்பிக்கை இல்லை. காந்திபுரத்தில் ஒரு புராஜெக்ட் சென்டரில் விசாரித்தார்கள். டீமுக்கு 20,000 ரூபாய் கொடுத்தால் தலைப்பு, ரிப்போர்ட், பி.பி.டி. எல்லாம் தருவார்களாம், வைவாவுக்கும் (வாய்மொழித் தேர்வு) சொல்லிக் கொடுப்பார்களாம். "எல்லாரும் அப்படித்தான் பண்றாங்க, நாம மட்டும் ஏன் சிமெண்டுல கை வெக்கணும்" என்கிறார்கள். துறையில் ஒரு சாரிடம் என் யோசனையைச் சொன்னேன். "இது ஏற்கெனவே நிறையப் பேர் பண்ணது, நாவல்டி என்ன இருக்கு?" என்று கேட்டார்.

எங்கள் கைடு மேடம் நல்லவர். ஆனால் அவருக்கு எங்களோடு சேர்த்து மூன்று டீம், அதற்கு மேல் லேப், வகுப்பு. போய் நின்றால் "டைட்டில் முடிவு பண்ணிட்டு வாங்க" என்று சொல்லி அனுப்பிவிடுகிறார். நாங்களும் தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறோம்.

ஒரே செமஸ்டரில் நாங்களாகவே இதைச் செய்து முடிக்க முடியுமா? ஏற்கெனவே செய்யப்பட்ட விஷயம் என்றால் மதிப்பெண் குறையுமா? கைடிடம் எதைக் கேட்க வேண்டும், எதை நாங்களே பார்த்துக்கொள்ள வேண்டும்? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

பதில்: திருப்பூர் சைட் இன்ஜினியர்

தங்கச்சி, சென்டர் பக்கம் போகாதீர்கள். நான் இப்போது வேலைக்கு ஆள் எடுக்கும் இடத்தில் இருக்கிறேன். புதிதாக வரும் பையன்களிடம் நான் கேட்கும் முதல் கேள்வியே புராஜெக்ட் பற்றித்தான். "கலவைக்குத் தண்ணி எவ்வளவு போட்டீங்க, அந்த அளவை எப்படி முடிவு பண்ணீங்க?" என்று கேட்பேன். தானே கலந்தவனுக்கு இது சுலபமான கேள்வி. பதில் தப்பாக இருந்தாலும் பரவாயில்லை, எங்கே சிக்கல் வந்தது என்று சொல்லத் தெரிந்தால் போதும். காசு கொடுத்து வாங்கியவர் ரிப்போர்ட்டின் முதல் பாராவை ஒப்பிப்பார், அதோடு நின்றுவிடுவார்.

இன்னொன்று, சிமெண்ட் வாங்கும்போது கவனம். கடையில் சும்மா சிமெண்ட் என்று கேட்டால் பெரும்பாலும் பி.பி.சி. என்ற கலப்புச் சிமெண்ட் மூட்டையைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள். அதில் ஏற்கெனவே ஃபிளை ஆஷ் (அனல்மின் நிலையச் சாம்பல்) இருக்கும். இந்தியத் தர விதியான ஐ.எஸ். 1489 படி 15 முதல் 35 சதவீதம் வரை இருக்கலாம். அது வலிமைக்கு வர நாள் எடுக்கும். உங்களுக்குத் தெரிய வேண்டியது மணல் மாறினால் என்ன ஆகிறது என்பதுதானே? ஆகவே ஓ.பி.சி. (ஆர்டினரி போர்ட்லேண்ட் சிமெண்ட்) 53 கிரேடு என்று கேட்டு வாங்குங்கள். மூட்டையில் தயாரித்த வாரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். எல்லாக் கலவைக்கும் ஒரே மூட்டைதான், நடுவில் மாற்ற வேண்டாம்.

பதில்: கான்கிரீட் டீச்சர்

உங்கள் கேள்வி எனக்குச் சந்தோஷமாக இருந்ததும்மா. நானும் கொங்குப் பகுதியில் ஒரு கல்லூரியில் சிவில் துறையில் இருக்கிறேன். ஒவ்வொரு வருடமும் சில டீம்களுக்கு கைடு. அதனால் கைடு பக்கத்திலிருந்து பேசுகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

நாவல்டி விஷயம் முதலில். பவுண்டரி மணல் கான்கிரீட் பற்றி நிறையக் கட்டுரைகள் இருப்பது உண்மைதான். ஆனால் அதில் ஒன்றுகூட உங்கள் அப்பா வேலை செய்யும் பவுண்டரியின் மணலைப் பற்றியது இல்லை. எல்லா பவுண்டரி மணலும் ஒன்று கிடையாது. கிரீன் சாண்ட் என்றால் சிலிக்கா மணலோடு பெண்டனைட் களிமண், நிலக்கரித் தூள், தண்ணீர் சேர்ந்தது. கருப்பு நிறம் அந்தக் கரித்தூளால் வருகிறது. கோர், அதாவது வார்ப்புக்குள் குழி விழ வைக்கும் அச்சு, செய்யும் மணலில் ரெசின் (பசை) இருக்கும். சோடியம் சிலிகேட் ஊற்றி கார்பன் டை ஆக்சைடு விட்டு இறுக்கும் முறையும் உண்டு, அதில் சோடியம் இருக்கும். இந்த மூன்றும் கான்கிரீட்டில் மூன்று விதமாக நடந்துகொள்ளும். குவியலில் இருப்பது இதில் எது, எல்லாம் கலந்து கிடக்கிறதா என்பதை அப்பாவிடம் கேட்டு ஒரு பக்கம் எழுதிவிட்டால், பல ரிப்போர்ட்டுகளில் இல்லாத ஒரு தகவல் உங்களிடம் வந்துவிடும். அந்த விஷயத்தில் உங்கள் அப்பாதான் நிபுணர், அவர் சொன்னார் என்றே ரிப்போர்ட்டில் எழுதுங்கள்.

பி.இ. புராஜெக்டில் யாரும் உலகத்தில் இல்லாததைக் கண்டுபிடிக்கச் சொல்லவில்லை. கேள்வி உங்களுடையதா, விடைக்குப் போன வழி நேர்மையானதா, வந்த எண்களுக்கு நீங்கள் பொறுப்பா என்றுதான் நான் பார்ப்பேன். எக்ஸ்டர்னலாக (வெளித் தேர்வாளராக) நான் போகும் இடங்களிலும் அதையேதான் பார்க்கிறேன்.

அடுத்து, கைடு மேடம் "டைட்டில் முடிவு பண்ணிட்டு வாங்க" என்றதை நீங்கள் எடுத்துக்கொண்ட விதம். தலைப்பு வேறு, கேள்வி வேறு. "பவுண்டரி மணல் கலந்த கான்கிரீட் பற்றிய ஓர் ஆய்வு" என்று எழுதிக்கொண்டு போனால் அவரால் "சரி" என்பதைத் தவிர எதுவும் சொல்ல முடியாது. இப்படி எழுதிப் பாருங்கள்: எம்25 (28 நாளில் சதுர மி.மீ.க்கு 25 நியூட்டன் தாங்க வேண்டிய) கலவையில் எம் சாண்டுக்குப் பதிலாக எடையில் 10, 20, 30 சதவீதம் இந்த மணலைப் போட்டால், தண்ணீரைக் கூட்டாமல் ஸ்லம்ப் (கலவை எவ்வளவு இளகி இறங்குகிறது என்ற அளவு) எவ்வளவு குறைகிறது? எந்த அளவில் 28 நாள் வலிமை இலக்குக்குக் கீழே இறங்குகிறது? இதைப் படித்ததும் கைடுக்குச் சொல்ல நாலு விஷயம் தோன்றும். தோன்றாவிட்டால்தான் ஆச்சரியம்.

இலக்கு என்றால் எது? ஐ.எஸ். 10262 படி எம்25க்கு 25 கூட்டல் 1.65 பெருக்கல் 4 (இந்த 4, வலிமையில் வரும் ஏற்ற இறக்கத்துக்கான அளவு), அதாவது சதுர மில்லிமீட்டருக்கு 31.6 நியூட்டன். 150 மி.மீ. கியூபின் (டெஸ்டுக்காக வார்க்கும் கான்கிரீட் கட்டி) முகப்பரப்பு 22,500 சதுர மி.மீ. ஆக, கியூபை நசுக்கும் மெஷினில் சுமார் 711 கிலோநியூட்டன் வரை தாங்க வேண்டும். டெஸ்ட் செய்யும் நாளில் டயலைப் பார்க்கும்போது இந்த எண் உங்கள் மனதில் இருக்க வேண்டும்.

செலவுக் கணக்கையும் போட்டுவிடுவோம், உங்கள் டீமில் அந்த இரண்டு பேருக்காக. 0, 10, 20, 30 என நான்கு கலவை. ஒவ்வொன்றுக்கும் 7ஆம் நாள் மூன்று கியூப், 28ஆம் நாள் மூன்று கியூப். மொத்தம் 24. ஒரு கியூபின் கன அளவு 0.003375 கனமீட்டர். சேதாரத்துக்கு 20 சதவீதம் சேர்த்தால் மொத்தம் 0.1 கனமீட்டருக்குள் முடிந்துவிடுகிறது. கனமீட்டருக்கு 370 கிலோ சிமெண்ட் என்று வைத்தால் 36 கிலோ. அப்புறம் எம் சாண்ட் 60 கிலோவுக்குள், முக்கால் ஜல்லி 110 கிலோ, பவுண்டரி மணல் வெறும் 10 கிலோ. ட்ரையல் மிக்ஸுக்கும் சேர்த்து ஒரே ஒரு மூட்டை சிமெண்ட் போதும். 20,000 ரூபாயில் இதைப் பல தடவை செய்யலாம். தமிழ்நாடு மாநில அறிவியல் தொழில்நுட்ப மன்றம் கடைசி வருட மாணவர்களின் புராஜெக்டுக்கு நிதியுதவி தருகிறது. விண்ணப்பம் கைடு, துறைத்தலைவர் வழியாகப் போக வேண்டும். கல்லூரிக்கு அறிவிப்பு வந்திருக்கிறதா என்று ஆபீஸில் கேளுங்கள். ஆனால் அந்தப் பணத்துக்காகக் காத்திருக்க வேண்டாம்.

இந்த புராஜெக்டின் உயிர் தண்ணீரில் இருக்கிறது. பவுண்டரி மணல் எம் சாண்டைவிட மிகப் பொடி, களிமண் வேறு. தண்ணீரை நன்றாக இழுக்கும். 20 சதவீதம் போடும்போதே கலவை வறண்டு, கரணையால் அள்ளினால் கட்டியாக வரலாம். அப்போது டீமில் யாராவது ஒருவர் "கொஞ்சம் தண்ணி ஊத்தலாம்" என்பார். ஊற்றினால் கதை முடிந்தது. 28 நாள் கழித்து வலிமை குறைந்தால், குறைத்தது மணலா தண்ணீரா என்று உங்களாலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. ஆகவே தண்ணீர்-சிமெண்ட் விகிதத்தை, 0.5 என்றால் 0.5 என்று, எல்லாக் கலவைக்கும் ஒன்றாகவே வையுங்கள். ஸ்லம்ப் குறைவதை அளந்து, அதையும் ஒரு விடையாக எழுதலாம். அல்லது தண்ணீரைக் கூட்டாமலே கலவையை இளக்கும் சூப்பர் பிளாஸ்டிசைசர் போட்டு ஸ்லம்பை ஒரே அளவில் நிறுத்தி, எவ்வளவு போட வேண்டி வந்தது என்று எழுதலாம். இரண்டுமே சரியான வழிதான். எது வேண்டும் என்பதைக் கலவை போடுவதற்கு முன்னால் முடிவு செய்ய வேண்டும். கைடிடம் கேட்க வேண்டியது இது மாதிரி விஷயத்தைத்தான்.

எடையிலா, கன அளவிலா என்பதும் அப்படித்தான். பவுண்டரி மணலின் ஒப்படர்த்தி பெரும்பாலும் எம் சாண்டைவிடக் குறைவாக இருக்கும். 30 சதவீதத்தை எடையில் மாற்றினால் கலவையின் கன அளவு கொஞ்சம் கூடிவிடும். பிக்னோமீட்டரில் (ஒப்படர்த்தி அளக்கும் குடுவை) இரண்டையும் பார்த்துவிட்டு, அந்த எண்களோடு போய்க் கேளுங்கள்.

கைடைச் சந்திக்கும் முறை பற்றி ஒன்று. வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம், பதினைந்து நிமிடம் போதும் என்று கேட்டு வாங்குங்கள். கையில் ஒரே ஒரு தாள் இருக்கட்டும். போன வாரம் செய்தது மூன்று வரி, வந்த எண்கள், இந்த வாரம் முடிவு செய்ய வேண்டிய ஒரு விஷயம், அதில் உங்கள் கருத்து. "என்ன பண்ணட்டும் மேடம்?" என்று ஒரு டீம் வந்து நின்றால், அன்றைக்கு நானே யோசிக்க வேண்டும், எனக்கும் நேரம் இருக்காது. "இது இரண்டில் இதைச் செய்யலாம் என்று நினைக்கிறோம், காரணம் இது" என்று வருகிறவர்களோடு உட்கார்ந்து பேச எனக்கே ஆசையாக இருக்கும். பேசி முடித்ததும் முடிவை அந்தத் தாளிலேயே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். மூன்று ரிவ்யூவிலும் யாராவது "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று கேட்டால் அந்தத் தாள்கள் பேசும்.

ரிப்போர்ட்டின் தொடக்கத்தில் வரும் போனஃபைட் சர்டிபிகேட்டைப் படித்திருப்பீர்கள். இந்த வேலை என் மேற்பார்வையில் இவர்கள் செய்தது என்று அதில் கைடு கையெழுத்து போடுகிறார். சென்டரில் வாங்கிய ரிப்போர்ட்டில் எங்களையும் பொய் சொல்ல வைக்கிறார்கள். எனக்கு இது பெரிய வருத்தம். உங்கள் நண்பர்களிடம் இதையும் சொல்லுங்கள்.

பதில்: லேப் இன்ஸ்ட்ரக்டர்

மேடம் சொன்னதற்கு மேல் புத்தக விஷயம் என்னிடம் இல்லை. லேபில் வருடம் முழுக்க நிற்கிறவன் என்ற முறையில் சிலது சொல்கிறேன் பாப்பா.

காலண்டரை எடுத்து முதலில் கடைசித் தேதியைக் குறியுங்கள். 28 நாளை யாராலும் குறைக்க முடியாது, பிரின்சிபால் வந்து சொன்னாலும் கான்கிரீட் கேட்காது. ஏப்ரலில் ரிப்போர்ட் கொடுக்க வேண்டும் என்றால் மார்ச் நடுவில் கடைசி கியூபை உடைத்திருக்க வேண்டும். அப்படியென்றால் பிப்ரவரி நடுவுக்குள் எல்லாக் காஸ்டிங்கும் முடிய வேண்டும். ஜனவரியில் பொங்கல் விடுமுறை போக மிச்சமிருக்கும் நாட்களில் சல்லடை, ஒப்படர்த்தி, நீர் உறிஞ்சல், ட்ரையல் மிக்ஸ் எல்லாம் முடித்தாக வேண்டும். மார்ச்சில் கலவை போட வருகிற டீம்களைப் பார்க்கும்போது எனக்கு மனசு கேட்காது. 7 நாள் ரிசல்ட்டை மட்டும் வைத்துக்கொண்டு 28 நாளுக்கு ஏதோ ஒரு எண்ணை எழுதிக்கொண்டு போவார்கள்.

7ம் 28ம் ஏழின் மடங்கு. அதனால் என்ன கிழமை காஸ்டிங் போடுகிறீர்களோ அதே கிழமையில்தான் இரண்டு டெஸ்டும் வரும். செவ்வாய் போட்டால் செவ்வாய், ஞாயிறு போட்டால் ஞாயிறு. மூன்றாம் வருடப் பிள்ளைகளுக்கு கான்கிரீட் லேப் என்றைக்கு என்று டைம் டேபிளில் பாருங்கள், அந்தக் கிழமையை விட்டுவிடுங்கள். அன்றைக்கு மெஷின் உங்களுக்குக் கிடைக்காது.

மோல்டு எத்தனை என்று எண்ணாதீர்கள், நட்டு போல்டு சரியாக இருப்பது எத்தனை என்று பாருங்கள். ஆறு நல்ல மோல்டு இருந்தால் ஒரு நாளைக்கு ஒரு கலவை போடலாம், 24 மணி நேரம் கழித்துக் கழற்றிவிட்டு அடுத்தது. கழற்றுவதற்கு முன்னாலேயே ஆணியால் மேல் முகத்தில் கலவை எண்ணையும் தேதியையும் கீறிவிடுங்கள். மார்க்கரில் எழுதினால் தண்ணீர்த் தொட்டியில் அழிந்துவிடும். வெளியிலிருந்து டெஸ்டுக்கு வரும் கியூபும் அதே தொட்டியில்தான் கிடக்கும், கலந்துவிட்டால் பிரிக்க முடியாது.

நிரப்பும்போது மூன்று அடுக்கு, ஒவ்வொரு அடுக்குக்கும் 16 மி.மீ. கம்பியால் 35 குத்து. ஒருவரே ஒரு கலவையின் ஆறு கியூபையும் குத்தினால் நல்லது. மெஷினில் வைக்கும்போது கரணையால் தேய்த்த முகம் பக்கவாட்டில் இருக்க வேண்டும், மேலேயோ கீழேயோ வரக்கூடாது. லோடு ஏற்றும் வேகம் 150 மி.மீ. கியூபுக்கு நொடிக்கு சுமார் 5.2 கிலோநியூட்டன். வீட்டுக்குப் போகும் அவசரத்தில் வால்வை வேகமாகத் திறந்தால் எண் ஏறிக் காட்டும்.

மூன்று கியூபில் ஒன்று மட்டும் தனியாக விலகினால் சராசரி எடுத்துவிட்டு நகர்ந்துவிடாதீர்கள். சராசரியிலிருந்து 15 சதவீதத்துக்கு மேல் எந்த கியூபும் விலகக்கூடாது என்று ஐ.எஸ். 456 சொல்கிறது. 30, 31, 22 என்று வந்தால் சராசரி 27.7, அந்த 22 எல்லைக்கு வெளியே. அந்த செட் செல்லாது. திரும்பப் போட நாள் வேண்டும் இல்லையா? அதற்குத்தான் பிப்ரவரி நடுவுக்குள் முடிக்கச் சொன்னேன்.

அப்புறம், பவுண்டரி மணலைச் சலிக்கும்போது கட்டாயம் மாஸ்க் போடுங்கள். அந்தத் தூசு நுரையீரலுக்கு ஆகாது. சலிப்பதற்கு முன்னால் ஒரு காந்தத்தை ஓட்டி இரும்புத் துணுக்குகளை எடுத்துவிடுங்கள்.

கோவை சிவில் மாணவி

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. நேற்று அப்பாவிடம் உட்கார்ந்து கேட்டேன். வெளிக் குவியலில் இருப்பது கிரீன் சாண்டும் உடைந்த கோர் மணலும் கலந்ததாம். ஆனால் கிரீன் சாண்ட் மட்டும் தனியாக வேண்டும் என்றால் ஷேக் அவுட் (வார்ப்பை மணல் அச்சிலிருந்து உதிர்த்து எடுக்கும் இடம்) பக்கத்திலேயே எடுத்துத் தர முடியும், முதலாளியிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். "படிக்கிற புள்ளைங்க இந்த மண்ணப் பத்தி எங்கிட்டக் கேக்கறீங்களா" என்று அவருக்கு ஒரே சந்தோஷம்.

சிமெண்ட் கணக்கை டீமில் காட்டினேன். ஒருத்தி உடனே எங்கள் பக்கம் வந்துவிட்டாள். இன்னொருவன் "ரிசல்ட் நல்லா வரலைன்னா என்ன பண்றது?" என்று பயப்படுகிறான். எனக்கும் அந்தப் பயம் கொஞ்சம் இருக்கிறது.

கைடு மேடத்துக்குக் கொடுக்க ஒரு தாள் எழுதியிருக்கிறேன். 0, 10, 20, 30, 40, 50 சதவீதம். கியூப், சிலிண்டர், பீம் மூன்றும். அதோடு ஆசிட் டெஸ்ட், நீர் உறிஞ்சல். சூப்பர் பிளாஸ்டிசைசர் போட்டும் போடாமலும் இரண்டு விதம். இது போதுமா, இன்னும் ஏதாவது சேர்க்க வேண்டுமா? நான்கு பேர் வேலையை எப்படிப் பிரித்துக்கொள்வது என்றும் சொல்லுங்கள் மேடம்.

பதில்: கான்கிரீட் டீச்சர்

சேர்க்க ஒன்றும் இல்லை ம்மா, எடுக்கத்தான் நிறைய இருக்கிறது. ஆறு கலவை, அதையும் இரண்டு விதமாக என்றால் பன்னிரண்டு. கியூப் மட்டுமே 72 ஆகிறது. ஒரு கியூப் எட்டு கிலோ. தூக்கிப் போடுவதிலேயே செமஸ்டர் போய்விடும், யோசிக்க நேரம் இருக்காது. 40, 50 சதவீதத்தை எடுத்துவிடுங்கள். 30இலேயே வலிமை நன்றாக நின்றால் மட்டும், பிப்ரவரியில் 7 நாள் ரிசல்ட்டைப் பார்த்துவிட்டு, 40ஐச் சேர்ப்பதா என்று கைடோடு பேசுங்கள். பீம், ஆசிட் டெஸ்ட் இரண்டும் வேண்டாம். சிலிண்டர் வேண்டுமென்றால் 28ஆம் நாளுக்கு மட்டும், கலவைக்கு மூன்று. அதற்கு இரண்டாவது மூட்டை சிமெண்ட் தேவைப்படும். நடுவில் மூட்டை மாறக்கூடாது என்று அந்தத் தம்பி சொன்னார் அல்லவா? ஒரே தயாரிப்பு வாரம் உள்ள இரண்டு மூட்டையாகப் பார்த்து ஒன்றாகவே வாங்கி, கலந்து, காற்றுப் புகாத டிரம்மில் வையுங்கள்.

பிளாஸ்டிசைசர் போடாமல் செய்யுங்கள் என்பது என் கருத்து. இறுதி முடிவு உங்கள் கைடுடையது. நான் இங்கே சொன்னதை அவரிடம் மறைக்க வேண்டாம், வெளியில் ஒருவரிடம் கேட்டோம் என்று சொல்லிவிடுங்கள். அவர் வேறு மாதிரி சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள், உங்கள் லேபைத் தெரிந்தவர் அவர்தான்.

"ரிசல்ட் நல்லா வரலைன்னா" என்று கேட்ட தம்பிக்கு இது. 10 சதவீதத்திலேயே வலிமை இறங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஏன் என்று தேட உங்களிடம் வழி இருக்கிறதா? களிமண் அதிகமா, கரித்தூளா? நுண்சேர்மத்தில் (கான்கிரீட்டில் போடும் மணல்) நிலக்கரி 1 சதவீதத்துக்கு மேல் இருக்கக்கூடாது என்று ஐ.எஸ். 383 சொல்கிறது, உங்கள் மணலில் எவ்வளவு? அதே மணலைக் கழுவிக் காயவைத்து 10 சதவீதத்தில் இன்னொரு செட் போட்டுப் பார்த்தீர்களா? கழுவியது மேலே வந்தால், அப்பாவின் பவுண்டரிக்குச் சொல்ல உங்களிடம் உபயோகமான ஒரு விஷயம் இருக்கிறது. வராவிட்டால் இந்த மணல் கட்டடக் கான்கிரீட்டுக்கு வேண்டாம் என்று எண்களோடு சொல்லலாம். நான் எக்ஸ்டர்னலாக வந்தால் இரண்டுக்கும் ஒரே மாதிரிதான் மார்க் போடுவேன். எண்ணை மாற்றி எழுதியிருந்தால் மட்டும் எனக்குக் கோபம் வரும்.

வேலைப் பிரிவு: ரிப்போர்ட்டுக்கு ஒருவர், லேபுக்கு மூவர் என்று மட்டும் பிரிக்காதீர்கள். வைவாவில் நான்கு பேரிடமும் தனித்தனியாகக் கேட்பார்கள். காஸ்டிங் நாட்களில் நால்வரும் நில்லுங்கள். ஒருவர் எடை போட, ஒருவர் கலக்க, ஒருவர் ஸ்லம்ப் எடுக்க, ஒருவர் நோட்டில் எழுத. ஒவ்வொரு கலவைக்கும் இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். மோல்டில் குத்துவது மட்டும் லேப் அண்ணா சொன்னபடி ஒருவரே. மணலில் அன்றைக்கு எவ்வளவு ஈரம் இருந்தது என்பதை நோட்டில் எழுத மறக்க வேண்டாம். எம் சாண்ட் ஈரமாக வந்தால் அந்தத் தண்ணீரைக் கழித்துவிட்டுத்தான் கலவைக்கு ஊற்ற வேண்டும்.

இப்போது விடுமுறைதானே. அப்பா ஷேக் அவுட் மணல் கொண்டுவந்ததும் இரண்டு கிலோவை வெயிலில் காயவைத்து, லேப் திறக்கும் முதல் நாளே எம் சாண்டோடு சேர்த்துச் சல்லடை போட்டுவிடுங்கள். இரண்டு வளைகோட்டையும் ஒரே கிராஃப் தாளில் வரைந்து, அதோடு ஜீரோத் ரிவ்யூவுக்கு (தொடக்க ரிவ்யூ) போங்கள். எண்களை இங்கேயும் போடுங்கள், 10, 20, 30 கலந்தால் மணல் எந்த ஜோனில் (மணலின் பொடி அளவுப் பிரிவு) விழும் என்று சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.